சீனியால் பிள்ளைகளுக்குக் குழப்படி கூடுமா?

வெள்ளவத்தை அம்மா:
ஞாயிறு பக்கத்து வீட்டில் பிறந்தநாள். ஆறு வயது மகன் ஐசிங் போட்ட கேக், சிவப்புச் சோடா, கை நிறைய ரொபி என்று ஒரு வெட்டு வெட்டினான். வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை, இரவு பத்து மணி வரை செற்றியில் ஏறிப் பாய்ந்துகொண்டே இருந்தான். சீனி ஏறினால் பிள்ளைக்குக் கால் தரையில் நிற்காது என்று அம்மம்மா எப்போதோ சொல்லிவிட்டார். இனி வீட்டில் இனிப்பே இல்லை.

பம்பலப்பிட்டி பாமசி:
அக்கா, சோடாவை நிறுத்துங்கள், நல்லது. குழப்படிக்குச் சீனிமேல் பழி போடாதீர்கள். 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் 23 பரிசோதனைகளைச் சேர்த்து அலசினார்கள். ஒருமுறை சீனி, இன்னொருமுறை செயற்கை இனிப்பு. எது எதுவென்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. நடத்தையில் வித்தியாசம் காணவில்லை.

வெள்ளவத்தை அம்மா:
ஆஸ்பத்திரி அறையில் ஒரு கிளாஸ் குடிக்கக் கொடுத்துப் பார்ப்பது வேறு தம்பி, வீட்டில் நாள் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது வேறு. பெற்ற கண்ணுக்குத் தெரியாதா?

பம்பலப்பிட்டி பாமசி:
வீட்டிலேயே செய்திருக்கிறார்கள். 1994இல் ஒரு ஆய்வுக்காக வீட்டிலிருந்த சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முழுக் குடும்பத்துக்கும் வாரக்கணக்கில் உணவு கொடுத்தார்கள். அதிலும் சீனியால் மாற்றம் இல்லை.

பெற்ற கண் என்றீர்களே, அதே ஆண்டு ஹூவர், மிலிச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதையே சோதித்தார்கள். 5 முதல் 7 வயதுப் பையன்கள். எல்லோருக்கும் கொடுத்தது செயற்கை இனிப்புத்தான். பாதித் தாய்மாரிடம் மட்டும் “மகனுக்கு நிறையச் சீனி கொடுத்திருக்கிறோம்” என்று சொன்னார்கள். அந்தத் தாய்மார்தான் பிள்ளை கூடத் துள்ளுகிறான் என்றார்கள். வீடியோவில் பார்த்தால், மகனை விட்டு நகராமல், குறை சொல்லிக்கொண்டே இருந்ததும் அவர்கள்தான். பிறந்தநாள் வீட்டில் பத்துப் பிள்ளைகள், பாட்டு, பலூன், தூங்கும் நேரமும் தாண்டிவிட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டுச் சீனியை ஏன் பிடிக்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
இரண்டு பேரும் அந்தச் சோடாவின் சிவப்பை மறந்துவிட்டீர்கள். 2007இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் ஆய்வில், சில செயற்கை நிறங்களையும் உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோவேற்றையும் கலந்து கொடுத்தபோது 3 வயது, 8–9 வயதுப் பிள்ளைகளிடம் குழப்படி சற்றுக் கூடியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் ஐரோப்பாவில் 2010 முதல் அந்த நிறங்கள் உள்ள உணவில் எச்சரிக்கை அச்சிட வேண்டும். வகுப்பில் நான் காண்பது இன்னொன்று: காலைச் சாப்பாடு இல்லாமல் வரும் பிள்ளை பத்து மணிக்கே நிலைகொள்ளாது. அதற்கும் வீட்டில் சீனியைத்தான் சொல்கிறார்கள்.

வெள்ளவத்தை அம்மா:
நிறம் பற்றி ரீச்சர் சொல்வது சரி, இனிப் போத்தலைத் திருப்பி வாசிக்கிறேன். அதற்காகச் சீனியை விடுதலை செய்ய மாட்டேன். நம் நாட்டில் 2016 முதல் சோடாப் போத்தலில் சிவப்பு வட்டம் போடுகிறார்கள், 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்று. சும்மாவா?

பம்பலப்பிட்டி பாமசி:
அந்த வட்டம் நீரிழிவுக்கும் உடல் பருமனுக்கும் அக்கா. அந்தக் காரணத்தைச் சொல்லியே நிறுத்துங்கள். “சீனி சாப்பிட்டாய், அதுதான் ஆடுகிறாய்” என்று மட்டும் அவன் காதுபடச் சொல்லாதீர்கள். தனக்கு ஏதோ கோளாறு என்று பிள்ளை நம்பிவிடும்.