சேது வழிநடையை மீட்பது: கல் பாவுவதா, நிழல் வளர்ப்பதா?

வழிநடையான்:
இராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி, சேதுக்கரை சென்று, பின் உச்சிப்புளி, மண்டபம் வழியாகப் பாம்பனை அடையும், இராமேசுவரத்துக்கான சேது யாத்திரை வழியை மீட்க வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி என்பதில்தான் பிணக்கு. 1914-இல் ரயில் பாலம் திறக்கப்படும்வரை யாத்திரிகர்கள் பாம்பனைப் படகில்தான் கடந்தனர். அவர்களுக்காகச் சேதுபதி மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்களை நிறுவி, அவற்றின் செலவுக்கு ஊர்களை மானியமாக விட்டனர். இன்று நடப்பவரோ சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, பேருந்துக்கும் சீமைக் கருவேல முள்ளுக்கும் இடையே ஒதுங்கி நடக்கிறார். சிமெண்டுக் கல் பாவிய பாதை இதற்குத் தீர்வாகாது. வெறுங்காலுடன் வருபவருக்கு உச்சி வெயிலில் அதுவும் தார்ச்சாலையைப் போலவே சுடும். மண் பாதையும் மரநிழலும் தண்ணீரும் போதும்.

முகவைப் பொறியாளர்:
ஐயா, நீங்கள் இளங்கால்களை மட்டும் மனத்தில் வைத்து எழுதுகிறீர்கள். கடற்கரை மணலில் முதியவர் ஒரு கல் தொலைவு நடப்பதற்குள் கணுக்கால் சோர்ந்துவிடும். சக்கர நாற்காலி நகரவே நகராது. வெயிலுக்கு அஞ்சிப் பலரும் விடியலுக்கு முன்பே புறப்படுகிறார்கள் என்பதால், அவர்களுக்கு முதலில் தேவை சமதளமும் விளக்கும்தான். மேலும், பழைய தடம் பல இடங்களில் பட்டா நிலமாகிவிட்டது. நெடுஞ்சாலையை ஒட்டிய புறம்போக்கில் பாதை அமைத்து, கூரையிட்ட தங்குமிடங்களும் ஆழ்துளைக் கிணறுகளும் கொடுத்தால் வேலை விரைவில் முடியும்.

ஊரணிக்கரை:
ஆழ்துளைக் கிணறு என்று எழுதும் முன் பொறியாளர் ஐயா எங்கள் மண்ணை நினைத்திருக்கலாம். கரையோர மணலுக்கடியில் மழைநீர் கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஆழத்தில் குழாய் இறக்கி மோட்டார் போட்டால் உப்பு மேலேறி, பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும். அதனால்தான் இங்குள்ள பெண்கள் மணலில் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டி, ஊறும் நீரைச் சிரட்டையால் கலங்காமல் அள்ளிக் குடத்தை நிரப்பினார்கள். ஆகவே பாதையின் வளைவுகளைத் தீர்மானிக்க வேண்டியவை, மழைநீர் தேங்கும் ஊர்க்குளங்களான ஊரணிகள். நீர் வந்து சேரும் வரத்துக்காலைத் தூர்வாரி, கரையில் ஆலும் பூவரசும் வைத்து, படித்துறையை ஒட்டிச் சுமைதாங்கிக் கல்லை நிறுத்தினால், அந்த இடமே தங்குமிடமாகிவிடும். நடப்பவர் சுற்றிப் போக நேர்ந்தாலும் பரவாயில்லை.

கரிமூட்டம்:
எல்லாரும் சீமைக் கருவேலத்தை அடியோடு ஒழிக்கச் சொல்கிறார்கள். அதன் முள் செருப்பையும் துளைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மழை பொய்க்கும் ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதை வெட்டிக் கரி போடுவதே பிழைப்பு. பாதையின் இருபுறமும் சில அடி மட்டும் வேரோடு எடுங்கள். அதற்கு அப்பால் இருப்பதன் கீழ்க்கிளைகளைக் கழித்து உயரவிட்டால், நட்ட கன்று வளரும்வரை கொஞ்சமாவது நிழல் கிடைக்கும்.

வழிநடையான்:
அண்ணாச்சி சொல்வதை ஏற்கிறேன். எந்த மரம் என்பதிலும் கவனம் தேவை. வரிசையாகப் பனை நட்டால் தொலைவிலிருந்தே வழி தெரியும், காற்றையும் தாங்கும், ஆனால் நிழல் தராது. நிழலுக்கு வேம்பும் புங்கனும், உப்பு ஏறிய இடத்தில் பூவரசும் புன்னையும், வறண்ட மணல்மேட்டில் குடைபோல் விரியும் உடைமரமும் பொருந்தும். சேதுக்கரை மணலில் மட்டும் எதையும் கட்ட வேண்டாம். அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன.

முகவைப் பொறியாளர்:
தண்ணீரைப் பற்றி ஊரணிக்கரை அம்மா சொன்னதை மறுக்கவில்லை. பாதை முழுவதும் மணலாகவே இருக்கட்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. மணலும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்த தளத்தை ஓரமாகவாவது ஓட்டியாக வேண்டும். இன்னொன்று: 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது, அங்கே எந்த மரமும் உதவாது. வெயில் ஏறுமுன் கடக்க வேண்டுமானால் முந்தைய இரவை மண்டபத்தில் கழிக்க வேண்டும், ஆகவே பெரிய தங்குமிடம் அங்கேதான் வர வேண்டும். கன்றுகளை ஐப்பசி மழைக்கு முன் நட்டுவிடலாம். அடுத்த கோடைகளில் அவற்றுக்கு நீர் ஊற்றுவது ஊராட்சியா, கோயில் நிருவாகமா? இதைத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஊரணிக்கரை:
ஊரணியை எந்த ஊர் பயன்படுத்துகிறதோ அந்த ஊரிடமே கன்றுகளையும் ஒப்படைத்து, அதற்குரிய கூலியைத் திட்டச் செலவிலேயே சேர்க்கலாம். சத்திரத்துக்கு மானியம் விட்டவர்களும் கட்டடத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லையே.