கழற்றினதும் சைக்கிள் ஃபிரேம் வலப்பக்கம் இழுக்குது, ஏன்?

காட்பாடி பட்டறை. 4130 குரோமோலி (கலப்பு எஃகு) குழாய், பித்தளைக் கம்பி வெச்சு கேஸ்ல பத்தவைப்பு. ஜிக்குல (ஃபிரேமைப் பிடிச்சு வெக்கிற சட்டம்) நேரா நிக்குது. கழற்றினா பின் கவை (பின்சக்கர அச்சு உக்காருற இடம்) 4 மி.மீ. வலப்பக்கம் போயிடுது. பி.பி. ஷெல் (பெடல் அச்சு உக்காருற குழாய்) ஓரம் பத்தவைப்புல ஊசித்துளை வேற. வழி சொல்லுங்கண்ணே.

பதில் 1:
தம்பி, ஒரு பக்கத்தை முழுசா முடிச்சிட்டு மறுபக்கம் போனா இப்படித்தான் ஆகும். பித்தளை உருக 900 டிகிரி கிட்ட சூடு வேணும். ஆறும்போது சுருங்கி அந்தப் பக்கமே இழுக்கும். வலம், இடம்னு மாத்தி மாத்திப் புள்ளிப் புள்ளியா பத்த வையுங்க. கவையில 130 மி.மீ. போலி அச்சை (சக்கர அச்சுக்குப் பதிலா) போட்டு நட்டை இறுக்கிட்டுத்தான் சூடு காட்டணும். குழாய் வெட்டு வாயை அது சேருற குழாய் மேல வெச்சு ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. வெளிச்சம் கசியுற இடத்துலதான் பித்தளை கூடுதலா சேரும், இழுப்பும் அங்கதான்.

ஊசித்துளைக்குக் காரணம் குழாய்க்குள்ள அடைபட்ட காத்து. மூடின ஒவ்வொரு குழாய்க்கும் 3 மி.மீ. துளை ஒண்ணு போடுங்க. வெள்ளைப் புகை வந்தா துத்தநாகம் ஆவியாகுதுன்னு அர்த்தம். உடனே தீயைக் குறைங்க. அந்தப் புகையை சுவாசிக்கவே கூடாது.

பதில் 2:
வேலூர் வெயிலுக்கு ஃபேன் இல்லாம முடியாது. ஆனா காத்து இணைப்பு மேல நேரா அடிக்கக் கூடாது. தண்ணியும் ஊத்தாதீங்க, 4130 விறைச்சு வெடிப்பு விடும். தானா ஆறட்டும். அப்புறம் ஒரு கவையிலிருந்து ஹெட் ட்யூபை (ஹேண்டில்பார் உக்காருற முன்குழாய்) சுத்தி மறு கவைக்கு நூல் கட்டி, சீட் ட்யூபுக்கு (சீட்டைத் தாங்குற குழாய்) ரெண்டு பக்க இடைவெளியையும் அளங்க, ரெண்டும் சமமா இருக்கணும்.

பதில் 3:
பி.பி. மரைக்குக் கடைசியில டேப் (மரை வெட்டுற கருவி) ஓட்டுங்க, சூட்டுல கோணியிருக்கும். இங்கிலீஷ் மரைன்னா வலப்பக்கம் இடமரை (இடப்பக்கம் திருப்பினா இறுகும்), மறந்துடாதீங்க.