மறு: மிரர் லாக்-அப் என்பதற்கு “ஆடிப் பூட்டு” பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம். ஒளிப்படக் கலைச்சொல் பட்டியலுக்காக நாம் பேசும் மிரர் லாக்-அப் என்பது, எஸ்.எல்.ஆர். கமராவில் வில்லைக்கு (லென்ஸ்) பின்னால் நின்று ஒளியைப் பார்வைச் சாளரத்துக்குத் திருப்பும் ஆடியை, படம் பதியும் முன்பே மேலே எழுப்பிவிடும் வசதி.

> “ஆடிப் பூட்டு” என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

ஐயா, “ஆடி” எனக்கு முழுச் சம்மதம். தளவாடி (சமதளக் கண்ணாடி), குழிவாடி (குழிந்த கண்ணாடி) என்று படித்த எங்கள் வன்னிப் பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. “பூட்டு” என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

1959இல் வெளிவந்த நிகான் எஃப் போன்ற கமராக்களில் ஆடியை மேலே தூக்கி உண்மையாகவே பூட்டி வைத்தார்கள். சில அகலக்கோண வில்லைகளின் பின்பகுதி உள்ளே நீண்டு ஆடியில் இடிக்கும் என்பதால் அது தேவைப்பட்டது. இன்று முக்காலியில் (ட்ரைபாட்) வைத்துப் படம் எடுப்பவர் செய்வது வேறு. பொத்தானின் முதல் அழுத்தத்தில் ஆடி எழுகிறது. அதிர்வு அடங்கும்வரை இரண்டு விநாடி பொறுக்கிறோம். அடுத்த அழுத்தத்தில் திரை (ஷட்டர்) திறந்து படம் பதிகிறது, ஆடியும் இறங்கிவிடுகிறது. இதில் பூட்டு எங்கே இருக்கிறது?

அந்த இரண்டு விநாடிப் பொறுமைதான் இந்த வசதியின் உயிர். இரணைமடுக் குளக்கட்டில் விடியற்காலையில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, துளை (வில்லையில் ஒளி புகும் வாயின் அளவு) எஃப் 8 என்று வைத்தால், திரை வேகம் 1/15 விநாடியை ஒட்டி வந்து நிற்பது வழக்கம். ஆடி எழும் அதிர்வு படத்தைக் கெடுப்பதும் ஏறத்தாழ 1/60 முதல் 1 விநாடி வரையான அந்த வேகங்களில்தான். 1/500இல் அது பதிய நேரம் போதாது. 30 விநாடித் திறப்பில் தொடக்கத்துச் சிறு அதிர்வு மொத்த ஒளியில் கரைந்துபோகும். நெடுவில்லையில் (தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் வில்லை) அக்கரைப் பாலை மரத்தின் கிளைகள் இரட்டைக் கோடாக விழுந்தால் பலர் முக்காலியைத்தான் பழிக்கிறார்கள். புதிய முக்காலிக்குக் காசு சேர்க்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. கமராவுக்குள் ஏற்கெனவே இருக்கும் வசதி, புரியும் பெயர் இல்லாததால் தொடப்படாமல் கிடக்கிறது.

“ஆடி உயர்த்தல்” என்று இன்னொரு அன்பர் எழுதியிருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் ஆடி உயரத்தானே செய்கிறது! முந்தி உயர்வதுதான் இங்கே விசேடம். ஆகவே “ஆடி முன்னெழுப்பு” என்பதை முன்வைக்கிறேன். “ஆடியை முன்னெழுப்பி எடுத்த படம்” என்று வினையாகவும் தடையின்றி வரும்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் முன்னெழுப்பு மட்டும் போதாது. முக்காலியின் நடுத்தண்டை இறக்கி, தடித்த கால்பகுதிகளை மட்டும் நீட்டி, வில்லையின் அதிர்வுத் தடுப்பையும் நிறுத்த வேண்டும். அவற்றுக்கான சொற்களைத் தனி இழையில் பேசுவோம்.

“ஆடிப் பூட்டு” வீணாக வேண்டாம். உணரியை (ஒளியைப் படமாகப் பதியும் சென்சர்) துடைப்பதற்காக ஆடியை மேலேயே நிறுத்திவைக்கும் வசதி ஒன்று இருக்கிறதே, அதற்கு அதுவே சரியான பெயர். இரண்டையும் வேறுவேறாகப் பட்டியலில் சேர்க்கலாமா? மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து