கஸ்டம்ஸ் வேலை ஸ்கிரீனுக்குப் போன பிறகு உங்களுக்கு நடந்தது என்ன? அனுபவம் சொல்லுங்க

துறைமுகத்தான்:
ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட், அதாவது எந்த ஊர்லயோ இருக்கிற அதிகாரி ஸ்கிரீன்லயே பார்த்து வரி போடற முறை, வந்த புதுசு. 2020 ஜூன் 8-ல சென்னையிலயும் பெங்களூர்லயும் வரி அட்டவணையோட 84, 85-ஆம் அத்தியாயச் சரக்குக்கு (மெஷின், எலக்ட்ரிகல் சாமான்) மட்டும் ஆரம்பிச்சு, அக்டோபர் கடைசியில நாடு முழுக்கக் கொண்டுவந்தாங்களே, அதுக்குக் கொஞ்சம் பின்னாடி. பார்ட்டி திருப்பூர்ல வாஷிங் யூனிட் வெச்சிருக்கார். ஜீன்ஸ் துவைக்கிற பெரிய மெஷின் ஒண்ணு இறக்கினார். நாங்க அதைத் துணித் தொழில் மெஷினுக்கான 8451-ங்கிற வரித் தலைப்புல போட்டோம். சாயங்காலம் ஸ்கிரீன்ல குவெரி: வீட்டு உபயோகமா? 8450-ல ஏன் வராது? விளக்கவும்.

கேட்டலாக் முதல்லயே, கஸ்டம்ஸுக்கு டாக்குமென்ட் ஏத்துற இ-சஞ்சித்ல ஏத்தியாச்சு. எத்தனை கிலோ துணி பிடிக்கும்னு அதுலயே இருக்கு. பதில் போட்டேன். மறுபடி அதே கேள்வி, ஒரு எழுத்து மாறாம. எந்த ஊர்ல உட்கார்ந்து பார்க்கிறாங்கன்னே தெரியாதப்போ யாருக்குப் போன் போடறது? இங்க கன்டெய்னர் வைக்கிற சிஎஃப்எஸ் யார்டுல கிரவுண்ட் ரென்ட், அதான் இட வாடகை, ஓடுது.

மெஷின் ஃபிளாட் ரேக்ல, அதாவது பக்கச் சுவரும் கூரையும் இல்லாத கன்டெய்னர்ல, வந்திருந்தது. நேரா யார்டுக்குப் போய், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற அண்ணனை அது பக்கத்துல நிக்க வெச்சேன். டிரம்மோட வாய் அவர் தலைக்கு மேல. ஒரு போட்டோ எடுத்து, பிடிஎஃப் ஆக்கி, ஏத்தி, ஏத்தினதுக்குக் கிடைச்ச ஐஆர்என் நம்பரைப் பதில்ல போட்டேன். மறுநாள் மதியம் அசெஸ்மென்ட் முடிஞ்சது. கேட்டலாக்கை நம்பாதவங்க அந்த அண்ணனை நம்பிட்டாங்க. இப்பவும் என்னைப் பார்த்தா, "தம்பி, என் போட்டோ எந்த ஆபீஸ்ல மாட்டியிருக்கு?"ன்னு கேட்பார்.

பழையகோப்பு:
போன் பண்ண முடியலையேன்னு வருத்தப்படறீங்க. ஃபைலைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு மேஜை மேஜையா அலைஞ்ச தலைமுறை நாங்க. ஒரு ஊர்ல, ஊர் பேர் வேணாம், ஒரு பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்கு விவரப் பத்திரம், காணாமப் போச்சு. இவர் மேஜையில கேட்டா அவர்கிட்ட அனுப்பிட்டேன்பார், அவர் வரலைம்பார். கடைசியில பெருக்குற அம்மாதான் எடுத்துக் கொடுத்தாங்க. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல செருகிக் கிடந்தது, மேல டீ டம்ளர் வெச்ச வட்டம். உங்க குவெரி எங்க நிக்குதுன்னாவது உங்களுக்குத் தெரிஞ்சது. எனக்கு ஃபைல் உயிரோட இருக்கான்னே தெரியல.

துறைமுகத்தான்:
சார், நிக்குதுன்னு தெரியும். யார்கிட்ட நிக்குதுன்னு தெரியாது. அதைத்தான் சொன்னேன்.

பழையகோப்பு:
யார்னு தெரிஞ்சா என்ன பண்ணியிருப்பீங்க? நேர்ல போய் "பேசி" முடிச்சிருப்பீங்க. அந்தப் பேச்சுக்கு முடிவு கட்டத்தானே முகத்தையே எடுத்தாங்க.

பனியன்கணக்கு:
நீங்க ரெண்டு பேரும் இறக்குமதி. எங்க ஏற்றுமதிக் கதையையும் கேளுங்ணா. ஜிஎஸ்டி வந்த 2017. ஏற்றுமதிக்குக் கஸ்டம்ஸ்ல கொடுக்கிற ஷிப்பிங் பில்லே, கட்டின ஐஜிஎஸ்டி வரியோட ரீஃபண்டுக்கும் விண்ணப்பம், தனியா எதுவும் கொடுக்க வேணாம்னு சொன்னாங்க, சந்தோஷப்பட்டோம். எங்க ஃபாக்டரி இன்வாய்ஸ் நம்பர் ஒண்ணு, ஏஜென்ட் ஷிப்பிங் பில்லுல போட்ட ஏற்றுமதி இன்வாய்ஸ் நம்பர் வேற. ஜிஎஸ்டிஆர்-1 விற்பனைக் கணக்குல முதல் நம்பர் போயிருக்கு. காலங்காலமா அப்படித்தான், யாரும் கேட்டதில்லை. மெஷின் கேட்டுச்சு. கஸ்டம்ஸோட ஐஸ்கேட் தளத்துல நிலவரம் எடுத்தா வரிசையா எஸ்பி005, எஸ்பி005, பக்கம் முழுக்க. இன்வாய்ஸ் நம்பர் பொருந்தலைங்கிற பிழைக் குறி அது.

பிரிண்ட் எடுத்து முதலாளி மேஜையில வெச்சேன். அவர் பழைய ஆளு, கண்ணாடியை ஏத்திவிட்டு விரலால ஒவ்வொரு வரியா இறங்கினார். "இந்த எஸ்பி005 யாருங்க? இத்தனை பணத்தையும் ஒருத்தனே வெச்சிருக்கானே, நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துரலாமா?"ன்னார். சிரிப்பு வரல, நூல்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டிய வாரம் அது. 2018-ல அதிகாரியே திரையில சரிபண்ணலாம்னு சுற்றறிக்கை வந்தது. ரெண்டு நம்பரையும் எதிரெதிரா எழுதிப் பட்டியல் கொடுத்தோம். அதுக்கப்புறம் பணம் வந்துச்சு. ஆனா அந்த சீசன்ல வாங்கின கடனுக்கு வட்டியை யாரும் திருப்பித் தரலைங்க.

லைசென்ஸ்காரன்:
எனக்கு ஒரு அப்ரைசிங் குவெரிக்குக் கல்யாணப் பந்தியில உட்கார்ந்து மொபைல்ல பதில் போட்ட அனுபவம். அவ்வளவுதான், பெரிசா ஒண்ணுமில்லை. ஆனா துறைமுகத்தானுக்குச் சில விஷயம் சொல்லணும். ஒரே மாதிரி மெஷின் அடிக்கடி இறக்குற பார்ட்டின்னா எந்தத் தலைப்புல வரும்னு முன்கூட்டியே தீர்ப்பு தர்ற அட்வான்ஸ் ரூலிங் வாங்கச் சொல்லுங்க. டெல்லியிலயும் மும்பையிலயும் அதுக்கான அமைப்பு இருக்கு. தீர்ப்பு சில வருஷம் செல்லும், நடுவுல சட்டமோ விவரமோ மாறாத வரைக்கும். 8450-ஆ 8451-ஆங்கிற சண்டையே வராது. அடுத்தது, இன்வாய்ஸ்ல வெறும் "வாஷிங் மெஷின்"னு எழுதி வந்தா சப்ளையர்கிட்டத் திருப்பி அனுப்புங்க. தொழிற்சாலை உபயோகம், கொள்ளளவு, மின்சாரம் எத்தனை கிலோவாட், எல்லாம் சரக்கு விவரத்துலயே இருக்கணும். முகம் பார்க்காத ஆளுக்கு அந்த ஒரு வரிதான் சரக்கு. மூணாவது, கப்பல் வர்ற நாளுக்கு முந்தின நாளுக்குள்ள பில் ஆஃப் என்ட்ரி போட்டுடணும். 2021-ல மாத்தினது இன்னும் பாதிப் பேருக்குப் பழகல. பிந்தினா முதல் மூணு நாள் தினம் 5,000, அதுக்கு மேல தினம் 10,000 ரூபாய். முன்னாடியே போட்டா, குவெரி வந்தாலும் கப்பல் கடல்ல இருக்கும்போதே வரும், கிரவுண்ட் ரென்ட் ஓடாது. ஏஇஓ தகுதி (கஸ்டம்ஸ் நம்பிக்கையானவங்கன்னு கொடுக்கிறது) இருக்கிற பார்ட்டின்னா இன்னும் சௌகரியம்...

துறைமுகத்தான்:
அண்ணே, முன்னாடியே போட்டதுதான். குவெரி தாமதமா வந்தது. நான் ஆலோசனை கேட்கவே இல்லையே.

சிராங்கூன்:
இங்க சிங்கப்பூர்ல கஸ்டம்ஸ் பர்மிட் வாங்குற டிரேட்நெட் கம்ப்யூட்டர் முறை 1989-லயே வந்தாச்சு. பெரும்பாலான பர்மிட் பத்து நிமிஷத்துல கிடைச்சிடும். நான் மளிகைச் சரக்கு இறக்குமதி ஆபீஸ்ல வேலை. முதல் தடவை பட்டனை அழுத்திட்டு, ஊர்ப் பழக்கத்துல, டீ குடிச்சுட்டு வரலாம்னு எழுந்தேன். செருப்பு மாட்டறதுக்குள்ள பர்மிட் வந்துடுச்சு. கொஞ்ச நேரம் நின்னு, நிஜமா வந்ததான்னு பக்கத்துல கேட்டேன்.

பழையகோப்பு:
ஒரு ஊர் அளவு நாட்டோட ஒப்பிடாதீங்க.

சிராங்கூன்:
ஒப்பிடலையே சார். செருப்பு மாட்டினதைத்தான் சொன்னேன்.

கொட்டைமுந்திரி:
நான் தூத்துக்குடி. ஆப்பிரிக்காவுல இருந்து முந்திரிக்கொட்டை இறக்குறோம். 2023 ஏப்ரல் 1-ல வரி கட்ட முதல்ல பணத்தைப் போட்டு வைக்கிற எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜர் வந்ததே, அந்த வாரம். பேங்க்ல பணம் கழிஞ்சது, லெட்ஜர்ல ஏறல. பூச்சி, நோய் பார்க்கிற குவாரன்டைன் ஆச்சு, அசெஸ்மென்ட் ஆச்சு, எல்லாம் பச்சை. வரி மட்டும் கட்டாத மாதிரியே நிக்குது. கேட்டுக்கு வெளியே எங்க லாரி. டிரைவர் வண்டி அடியில ஸ்டவ் பத்த வெச்சு ரசம் கொதிக்க விட்டுட்டு, "சார், உங்க கம்ப்யூட்டருக்கும் ஒரு கிளாஸ் ஊத்தவா?"ன்னார். பேங்க் மெசேஜை அவர்கிட்ட நீட்டிக் காட்டினேன், என்னவோ அவர்தான் கேட்டைத் திறக்கணும்கிற மாதிரி.

அந்த நாள்களோட வரித் தாமத வட்டியை அரசு தள்ளுபடி பண்ணிச்சு, அதைச் சொல்லணும். கப்பல் கம்பெனி, கன்டெய்னரைத் தாமதமாத் திருப்பினதுக்கான டிடென்ஷன் பில் அனுப்பிச்சு. தள்ளுபடி உத்தரவை அவங்களுக்கு அனுப்பினேன். அது வரிக்குத்தான், கன்டெய்னருக்கு இல்லைன்னு ஒரு வரிப் பதில்.

பனியன்கணக்கு:
டிடென்ஷன் பில்லுக்கு ஜிஎஸ்டி போட்டாங்களாங்க?

கொட்டைமுந்திரி:
போடாம விடுவாங்களா? 18 சதவீதம்.