புதுப்பிப்பு: சாங்சுவரியில தாக்குதல் நிண்டுட்டு

போன கிழமை ஃபோல்அவுட் 4 எண்ட வீடியோ கேம் பற்றிக் கேட்டிருந்தன்: அதில நான் கட்டுற சாங்சுவரி எண்ட குடியிருப்பை ஏன் திரும்பத் திரும்ப அடிக்கிறாங்க, கடைசியில எந்த அணியோட நிக்கிறது எண்டு.

கல்லடியில இருக்கிற பெரியம்மாட மகன் ஞாயிறு வந்தார். திரையைப் பார்த்ததும், "சாப்பாட்டையும் தண்ணியையும் கூட்டிப் பாரு தம்பி" எண்டார். சாப்பாடு 12. ஆத்துக்குள்ள நான் வச்ச பெரிய சுத்திகரிப்பான் மட்டும் 40 தண்ணி தருது. பாதுகாப்பு 18தான்! விளைச்சல் கூடக் கூட அடி விழுற வாய்ப்பும் கூடும்; பாதுகாப்பு அந்தக் கூட்டுத்தொகையைத் தாண்டோணும். மறுகா பாலத்தடியில தானாச் சுடுற மெஷின்கன் டரட்டுகளை வரிசையா வச்சு 60 ஆக்கினன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் வரல்ல.

அணி விசயத்தில, கேமில இருக்கிற நாலு அணியில (மினிட்மென், இன்ஸ்டிடியூட், பிரதர்ஹுட், ரெயில்ரோட்) நான் மினிட்மென்தான். 'மாஸ் ஃபியூஷன்' பணியில இன்ஸ்டிடியூட் பக்கம் போனா பிரதர்ஹுட் எதிரியாகும், பிரதர்ஹுட்டிட்டச் சொன்னா இன்ஸ்டிடியூட் துரத்தும். மினிட்மென் வழியில பிரதர்ஹுட், ரெயில்ரோட் ரெண்டையும் அழிக்காமலே முடிக்கலாம். ரெயில்ரோட் ஆக்களைச் சுட எனக்கு மனம் வரவே இல்ல.

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. சாங்சுவரி ஆக்களுக்குக் கட்டில் இன்னும் ரெண்டு குறையுது, இண்டைக்கு இரவு போடுறன்.