பத்துப் பேருக்கு எதிராகப் பதினொருவர் பெனால்டி உதைக்கலாமா?

மேற்பிரிவு எழுதியது:

ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேற்பிரிவான நாங்களும் கீழ்ப்பிரிவும் சென்ற ஞாயிறு மோதிய உதைபந்தாட்ட இறுதிப்போட்டி 1–1 என்று முடிந்து பெனால்டி உதைகளுக்குப் போனது. இரண்டாம் பாதியில் எங்கள் வீரர் ஒருவர் சிவப்பு அட்டை பெற்றிருந்ததால் நாங்கள் பத்துப் பேர், கீழ்ப்பிரிவு அணியினர் பதினொருவர். அவர்களும் ஒருவரை விலக்கிப் பத்தாக வேண்டும் என்று மத்தியஸ்தர் சொன்னார். "அவர்கள் தப்புக்கு அவர்கள் ஆள் போனான், எங்கள் ஆளை ஏன் எடுக்க வேண்டும்?" என்று கோட்டுக்கு வெளியே நின்ற பெரியவர்கள் சத்தம் போட்டதும் அவர் விட்டுக்கொடுத்துவிட்டார்.

ஆளுக்கொன்றாகப் பத்து உதைகள் முடிந்தபோது 7–7. அடுத்ததற்கு எங்களிடம் புதிய ஆள் இல்லாததால், முதல் உதையை உதைத்த எங்கள் அணித்தலைவரே மறுபடியும் வந்து கோல் போட்டார். அவர்கள் பக்கம் மிஞ்சியிருந்தவனோ, கடைசிப் பத்து நிமிடத்துக்கு மாற்று வீரனாக இறங்கிய பள்ளிக்கூடப் பையன். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்த நேரம். அவன் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலாகப் போய்த் தேயிலை மலைக்குள் விழுந்தது. கோப்பை இப்போது எங்கள் வாசிகசாலையில் இருக்கிறது. வென்றது முறைதானா என்ற சந்தேகமும் கூடவே இருக்கிறது. விதி உண்மையில் என்ன சொல்கிறது?

பழைய விசில் எழுதியது:

தம்பி, மத்தியஸ்தர் முதலில் சொன்னதுதான் சரி. பிறகு பணிந்ததுதான் பிழை. ஆட்டம் முடியும்போது ஓர் அணியில் ஆள் கூடுதலாக இருந்தால், எதிரணியின் எண்ணிக்கைக்கு அது குறைந்தே ஆக வேண்டும் என்கிறது ஆட்டவிதிகளின் 10ஆம் விதி. விலக்கப்படுபவரின் பெயரையும் சட்டை இலக்கத்தையும் மத்தியஸ்தரிடம் அறிவிக்க வேண்டும். யாரை விலக்குவது என்பது அந்த அணியின் விருப்பம்.

விதி பத்துப் பேர் அணிக்குச் சலுகை காட்டுகிறது என்று பெரியவர்கள் நினைத்திருக்கிறார்கள். கணக்கோ தலைகீழானது. தகுதியுள்ள எல்லோரும் ஒருமுறை உதைத்த பிறகுதான் யாரும் இரண்டாம் முறை உதைக்க முடியும். எந்த அணியும் கெட்டிக்காரரை முன்னாலும் தடுமாறுபவரைப் பின்னாலும் வைக்கும். ஆகவே பதினோராவது உதையில் பத்துப் பேர் அணியின் மிகச் சிறந்தவர், பதினொருவர் அணியின் மிகப் பலவீனமானவரை எதிர்கொள்கிறார். ஆள் இழந்த அணிக்கு அந்த இழப்பே இலாபமாகிறது. இதைத் தடுக்கத்தான் 2000ஆம் ஆண்டில் இவ்விதி கொண்டுவரப்பட்டது. உங்கள் மைதானத்தில் நடந்தது அச்சொட்டாக அதுவே.

2006 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். சிடேன் 110ஆம் நிமிடத்தில் வெளியேற்றப்பட்டதால் பிரான்ஸ் பத்துப் பேருடன் முடித்தது. விதிப்படி இத்தாலியும் பத்தாகக் குறைய வேண்டியிருந்தது. ஐந்தாவது உதையுடனேயே இத்தாலி 5–3 என்று வென்றுவிட்டதால் அந்தக் குறைப்பு யார் கண்ணிலும் படவில்லை. பெரும்பாலான ஆட்டங்கள் இப்படி முதல் ஐந்து உதைகளுக்குள் அடங்கிவிடுவதால்தான், நம் ஊர்களில் பலருக்கு இவ்விதி இருப்பதே தெரிவதில்லை.

கீழ்ப்பிரிவு எழுதியது:

சத்தம் போட்டவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர் என்பதை ஒத்துக்கொள்கிறேன். விதியை வாசித்துக் காட்டிய பிறகும், நாங்களே எங்கள் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டோம் என்பதை ஏற்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. ஐயாவிடம் ஒரு கேள்வி: உதைகள் நடந்துகொண்டிருக்கும்போது ஒருவருக்குக் காயம் பட்டால் என்ன செய்வது?

பழைய விசில் எழுதியது:

அவரால் தொடரவே முடியாவிட்டால் அவருக்குப் பதிலாக ஆள் இறக்க முடியாது. எதிரணியும் ஒருவரைக் குறைக்க வேண்டும். உதைகளின் நடுவிலும் எண்ணிக்கையைச் சமப்படுத்தும் இந்த ஏற்பாடு 2016இல்தான் வந்தது. ஆனால் காலில் கட்டுப்போட வெளியே போனவர் தன் முறைக்குத் திரும்பி வராவிட்டால், அவருக்காக ஆட்டம் காத்திருக்காது; அந்த உதை தவறியதாகவே எழுதப்படும்.

கோல்காப்பாளருக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர் தொடர முடியாமற் போனால், எண்ணிக்கைக்காக முன்பு விலக்கப்பட்ட வீரரையே கையுறை மாட்டி இறக்கலாம். மாற்று வீரர் எண்ணிக்கை மிச்சமிருந்தால் பெயர் கொடுத்த மாற்று வீரரையும் இறக்கலாம். ஆகையால் விலக்கியவரை உடனே லய வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அவர் ஆடுகளத்துக்குள் மட்டும் நிற்கக்கூடாது.

நானுஓயா எழுதியது:

மத்தியஸ்தரின் தீர்ப்பே முடிவானது என்று வாதாட வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. பந்து கோட்டைக் கடந்ததா என்பது போன்ற, கண்ணால் கண்டு சொல்லும் தீர்ப்புக்கு அது பொருந்தும். விதியையே பிழையாக நடைமுறைப்படுத்தியது வேறு விடயம். 2005இல் உஸ்பெகிஸ்தான், பஹ்ரைன் அணிகளுக்கிடையிலான உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில், உஸ்பெகிஸ்தானின் பெனால்டியை மறுபடி உதைக்கச் சொல்வதற்குப் பதிலாக மத்தியஸ்தர் பஹ்ரைனுக்கு மறைமுக உதை (நேரே கோலாக்க முடியாத உதை) கொடுத்துவிட்டார். அந்த ஆட்டத்தை 1–0 என்று வென்ற உஸ்பெகிஸ்தானே முறைப்பாடு செய்தது. பிஃபா முடிவை இரத்துச் செய்து முழு ஆட்டத்தையும் மறுபடி நடத்தச் சொல்ல, கடைசியில் அடுத்த சுற்றுக்குப் போனது பஹ்ரைன். கோப்பையைக் கையில் வைத்திருப்பவர்கள் முறைப்பாட்டைக் கையில் எடுக்கும் முன் இதையும் யோசிக்கலாம். உங்கள் சுற்றுப்போட்டியின் ஒழுங்குவிதிகளில் முறைப்பாட்டுக்கு இடம் உண்டா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மேற்பிரிவு எழுதியது:

அப்படி எழுதிவைத்த ஒழுங்குவிதி எதுவும் எங்களிடம் இல்லை, அண்ணா. நேற்றிரவு இரு பிரிவினரும் கூடிப் பேசி, இரண்டு பக்கமும் பத்துப் பேருடன் உதைகளை மட்டும் மறுபடி நடத்தச் சம்மதித்தார்கள். உதைகளை மட்டும் தனியே மறுபடி நடத்த ஆட்டவிதியில் இடமில்லை என்பது தெரியும். இது எங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு.

கீழ்ப்பிரிவு எழுதியது:

பெயர்ப் பட்டியலை எழுத உட்கார்ந்தோம். விலக்கப்போவது அதே பள்ளிக்கூடப் பையனைத்தான் என்பதில் எல்லோரும் ஒரே வாக்கு. அவனோ திங்கட்கிழமையிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைச் சுவரில் கரிக்கோடு போட்டுப் பெனால்டி பழகிக்கொண்டிருக்கிறான். அவனிடம் போய்ச் சொல்ல என் சித்தப்பா உட்பட ஒருவரும் இன்னும் முன்வரவில்லை.