பொருள்: 'டெலிவரி'க்குச் சொல் வேண்டும், சனிக்கிழமைக்குள்

தாராவி:
அன்பர்களே, மும்பை தாராவி 90 அடி ரோட்டில் தோல் பைகள் விற்கும் கடை. திருநெல்வேலி, மதுரைக்கெல்லாம் பார்சல் போகிறது. '3 நாளில் அனுப்பப்படும்' என்று அச்சடித்திருந்தோம். நான்காம் நாள் காலையில் போன்: "பை எங்கே?" நாங்கள் சொன்னது கடையை விட்டுக் கிளம்பும் நாள், அவர்கள் படித்தது வீட்டுக்கு வரும் நாள். டெஸ்பாட்ச், டெலிவரி இரண்டுக்கும் ஒன்றோடொன்று குழம்பாத சொற்கள் வேண்டும்.

மாட்டுங்கா:
பட்டுவாடா இருக்க எதற்கு அலைச்சல், தம்பி? தபால்காரர் காலங்காலமாகச் செய்வது அதுதானே.

செம்பூர்:
ஐயா, அது மராத்தி 'பட்வடா'. தபாலும் அவர்கள் சொல்தான். இலக்கணத்தைப் பாருங்கள்: பை சேர்கிறது, கூரியர்காரர் சேர்க்கிறார், கடைக்காரர் சேர்ப்பிக்கிறார். எனவே 'சேர்ப்பிப்பு'. பிறவினை பிசகாமல் நிற்கிறது.

டோம்பிவிலி:
சேர்ப்பிப்பு. மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். பட்டுவாடாவும் வேண்டாம், ஊரில் இன்று அந்தச் சொல்லுக்குத் தேர்தலுக்கு முந்தைய ராத்திரிதான் நினைவுக்கு வரும், கடை வாசலில் பறக்கும் படை வந்து நிற்கும். டெலிவரி என்றே விடலாம். பிரசவம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாட்டுங்கா:
கடன் சொல் என்று தள்ளிவிட்டு இன்னொரு கடன் சொல்லா? புகார் நகரத்துப் பண்டசாலையில் கிடந்த மூட்டைகளை இளங்கோ எப்படிச் சொல்கிறார்? 'வம்ப மாக்கள் தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி'. பெயர், குறி, எண்ணிக்கை மூன்றும் இருக்கின்றன. நீங்கள் ஒட்டும் லேபிளுக்குக் கண்ணெழுத்து என்பதைவிட நல்ல சொல் உண்டா? பட்டினப்பாலையில் சுங்கத்தார் 'புலி பொறித்துப் புறம்போக்கி' அனுப்புகிறார்கள். ஆக, டெஸ்பாட்சுக்குப் 'புறம்போக்கு'.

தாராவி:
ஐயா, 'உங்கள் பை புறம்போக்கு' என்று வாடிக்கையாளருக்கு எழுதவா?

மாட்டுங்கா:
சொல்லின் மேல் குற்றமில்லை. வருவாய்த் துறை கெடுத்தது.

டோம்பிவிலி:
கேட்டது பார்சலுக்கு, போய்க்கொண்டிருப்பது பூம்புகாருக்கு.

தாராவி:
எல்லாச் சொற்களையும் கடை அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன். "தாதரில் திருநெல்வேலி வண்டி எப்போது புறப்படும், எப்போது போய்ச் சேரும் என்றுதானே கேட்போம்? அப்படியே எழுதேன்" என்றார். எழுதிவிட்டேன்: 'பணம் கட்டிய 3 நாளில் பை கடையிலிருந்து புறப்படும். புறப்பட்டபின் 5 முதல் 7 நாளில் உங்கள் வீடு வந்து சேரும்.' பின்கோடு, பின்கோடாகவே இருக்கிறது. 1972-இலிருந்து எல்லாரும் எழுதிப் பழகிய 6 இலக்கம், அதில் கை வைக்க எனக்குத் துணிச்சலில்லை.

டோம்பிவிலி:
இது போதும்.

செம்பூர்:
வாக்கியம் போதும், ஒத்துக்கொள்கிறேன். ரசீதில் கட்டைவிரல் அகலக் கட்டம் ஒன்று இருக்குமே, அதில் 'வந்து சேரும் நாள்' அடங்குமா? அங்கேதான் கலைச்சொல் வேண்டும். சேர்ப்பிப்பு என் கட்சி.

தாராவி:
எழுத்தைச் சின்னதாக்கிவிட்டேன், அடங்கிவிட்டது. அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.

மாட்டுங்கா:
கண்ணெழுத்தையாவது எங்காவது போட்டிருக்கிறாயா, தம்பி?